பாரடைஸ், நவம்பர் 8, 2018: ஒரு மலையூரைச் சில மணி நேரத்தில் அழித்த கேம்ப் தீ

கலிஃபோர்னியாவின் வடக்கே, சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில், சுமார் 540 மீட்டர் உயரத்தில் ஒரு முகட்டின் மேல் படுத்துக் கிடக்கும் ஊர் பாரடைஸ். கிழக்கே ஃபெதர் ஆற்றின் மேற்குக் கிளை அரித்த பள்ளத்தாக்கு. மேற்கே பியூட் க்ரீக் பள்ளத்தாக்கு. ஊருக்குள் எங்கு நின்றாலும் தலைக்கு மேல் பாண்டரோசா பைன் மரங்கள். 2018-இல் இங்கே 26,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ஓய்வுபெற்று, குறைந்த செலவில் மலைக்காற்றோடு வாழலாம் என்று வந்த முதியவர்கள் அதிகம். மொபைல் ஹோம் எனப்படும் இலகுவகை வீடுகள் நெருக்கமாக நிற்கும் குடியிருப்புகளும் நிறைய.

நவம்பர் 8, வியாழக்கிழமை காலை தொடங்கிய தீ, 17 நாள் கழித்து நவம்பர் 25 அன்று முழுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது 85 பேர் இறந்திருந்தார்கள். 1,53,336 ஏக்கர் எரிந்திருந்தது. அழிந்த கட்டடங்கள் 18,804. பாரடைஸின் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விட்டது. மீதி 16 நாளும் சுற்றிலும் உள்ள காட்டில் நடந்த போராட்டம். எனவே இந்த ஆய்வு அந்த ஒரு முற்பகலைத்தான் அதிகம் பார்க்கிறது.

இந்த ஊரை “எந்தத் தயாரிப்பும் இல்லாமல் மாட்டிக்கொண்ட ஊர்” என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. பாரடைஸ் அளவுக்குத் திட்டம் போட்டு, வரைபடம் அச்சிட்டு, ஒத்திகையும் பார்த்த மலையூர்கள் அமெரிக்காவிலேயே குறைவு. திட்டம் இருந்தது, அது நம்பியிருந்த நேரக்கணக்குதான் பொய்த்தது.

கொக்கி

தீ பிறந்த இடம் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, புல்கா என்ற சிற்றூரை ஒட்டிய கேம்ப் க்ரீக் சாலை அருகே. தீக்கு ‘கேம்ப்’ என்று பெயர் வந்தது அதனால்தான். அங்கே பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்தின் (பி.ஜி.இ.) கரிபூ–பலெர்மோ 115 கிலோவோல்ட் மின்தடம் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவில் ஓடுகிறது. 1921 வாக்கில் வேறொரு நிறுவனம் கட்டியது, 1930-இல் பி.ஜி.இ. வாங்கியது.

அந்தத் தடத்தில் 27/222 எண்ணுள்ள கோபுரம், கம்பிகளின் நிலைகளை இடம் மாற்றித் தரும் வகை. அதனால் கோபுரத்தைச் சுற்றிக் கம்பியைக் கொண்டுபோக ‘ஜம்பர்’ எனப்படும் இணைப்புக் கம்பி தேவை. அந்த ஜம்பரைத் தாங்கும் பீங்கான் காப்பான் (மின்சாரம் கோபுரத்துக்குப் பாயாமல் தடுக்கும் பொருள்) சரம், கோபுரக் கையிலுள்ள தகட்டின் துளையில் மாட்டிய ஒரு இரும்புக் கொக்கியில் தொங்கியது. ஆங்கில ‘சி’ வடிவில் வளைத்த, உள்ளங்கையில் அடங்கும் கொக்கி. காற்றடிக்கும்போதெல்லாம் சரம் ஆடும்; கொக்கியின் உள்வளைவு துளையின் விளிம்பில் தேயும். இரும்போடு இரும்பு உரசி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தேய்ந்ததில், கடைசியில் எடையைத் தாங்கும் அளவுக்கு உலோகம் மிஞ்சவில்லை.

காலை 6:15-க்குக் கொக்கி அறுந்தது. காப்பான் சரத்தோடு ஜம்பர் கீழே தொங்கி, மின்னோட்டத்துடன் கோபுர எஃகைத் தொட்டது. மின்வில் (காற்றில் பாயும் பெரும் மின்பொறி) வெடித்தது. உருகிய அலுமினியமும் எஃகும் அடியிலிருந்த காய்ந்த புதரில் சொட்டின.

இந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத ரகம் இல்லை. ஆள் மேலே ஏறிப் பார்த்தால் தெரியும். ஹெலிகாப்டரில் விரைந்து கடக்கும்போது தெரியாது. கொக்கியும் தகடும் ஒன்றையொன்று மறைக்கும் இடத்தில்தான் தேய்வு இருக்கிறது. 2001-க்குப் பிறகு இந்தக் கோபுரத்தில் யாரும் ஏறிச் சோதிக்கவில்லை என்று பாரடைஸ் அடங்கிய பியூட் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் விசாரணை அறிக்கை சொல்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு தகவல்: 1919-இல் இந்தக் கொக்கியின் விலை 56 சென்ட்.

அன்று பலத்த காற்றை எதிர்பார்த்து, முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தலாமா என்று நிறுவனம் யோசித்து, பிறகு கைவிட்டது. பலரும் இதைத்தான் திருப்புமுனையாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த நிறுத்தத் திட்டம் நடந்திருந்தாலும் இந்த 115 கிலோவோல்ட் தடம் அதன் பட்டியலில் இல்லை. ஊருக்குள் இருட்டாகியிருக்கும், 27/222-இல் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

காற்றும் காய்ந்த நிலமும்

நவம்பர் என்றால் வடக்குக் கலிஃபோர்னியாவில் மழை தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. பாண்டரோசா ஊசியிலைகள் இலையுதிர்காலத்தில் கொட்டும் என்பதால் கூரை, கூரையோரத் தகரக் கால்வாய், மரத்தளம், வேலியடி எங்கும் புதிதாய் உதிர்ந்த சருகு மெத்தையாகக் கிடந்தது.

வடகிழக்கிலிருந்து மலையிறங்கி வரும் வறண்ட காற்று ஃபெதர் பள்ளத்தாக்கில் நெருக்குண்டு வேகம் பிடிக்கும். உள்ளூர்க்காரர்கள் இதை ஜார்போ காற்று என்பார்கள். அன்று விடியற்காலை ஜார்போ கேப் வானிலைக் கருவியில் மணிக்கு 52 மைல் (சுமார் 84 கி.மீ.) வீச்சு பதிவானது. காற்றின் போக்கு நேரே தென்மேற்கு, அதாவது பாரடைஸ் இருக்கும் திசை.

ஜார்போ கேப் தீயணைப்பு நிலையக் குழு புறப்பட்டு, 6:45-ஐ ஒட்டி ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து தீயைப் பார்த்துவிட்டது. அப்போது அது சிறிய தீ. ஆனால் கேம்ப் க்ரீக் சாலை மலைவிளிம்பில் ஓடும் குறுகிய மண்பாதை. பெரிய தீயணைப்பு வண்டியைக் கொண்டு போய் அந்தக் காற்றில் திருப்ப வழியில்லை. குழுத் தலைவர் வானொலியில் இது பெரிய நிகழ்வாக மாறும் என்று அறிவித்து, கூடுதல் வண்டிகளைக் கேட்டு, புல்காவையும் கான்கோவையும் காலி செய்யச் சொன்னார். அவர் கணிப்பில் தவறே இல்லை. முதல் சில நிமிடங்களில் தீயைப் பிடித்திருந்தால் என்று பேசுபவர்கள் அந்தச் சாலையின் படத்தைப் பார்ப்பது நல்லது.

இடையிலிருந்த கான்கோ பகுதி 2008-இல் ஏற்கெனவே எரிந்தது. எரிந்த காடு அடுத்த தீக்குத் தடுப்பு என்று எண்ணத் தோன்றும். பத்தாண்டில் அங்கே வளர்ந்திருந்தது புதரும் புல்லும். நடுவே நின்றும் விழுந்தும் கிடந்தது செத்த மரம். மர நிழல் இல்லாததால் தரை இன்னும் காய்ந்தது, காற்றும் தடையின்றி ஓடியது. தீ அதைக் கடந்து கான்கோவைப் பிடித்தபோது சிலர் நீர்த்தேக்கத்தில் இறங்கி உயிர் தப்பினார்கள்.

கங்கு மழை

பாரடைஸின் திட்டம் நினைத்த தீ இப்படித்தான் வரும்: பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் ஒரு சுவர் போலத் தெரியும், ஆற்றைக் கடந்து ஏறி வர நேரம் எடுக்கும், கிழக்கு ஓரத்தை முதலில் காலி செய்து, பிறகு அடுத்தடுத்த பகுதிகளை அனுப்பலாம். வந்தது அப்படியில்லை. எரியும் பட்டையும் கூம்பும் குச்சியும் காற்றில் சில கிலோமீட்டர் முன்னே பறந்து, பள்ளத்தாக்கைத் தாண்டி, எட்டு மணிக்கு முன்பே ஊருக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பற்ற வைத்தன. முதன்மைத் தீமுனை அப்போது இன்னும் ஊரைத் தொடவில்லை. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் ஆயிரக்கணக்கான சாட்சியங்களையும் பதிவுகளையும் அடுக்கித் தயாரித்த நேரவரிசையில் மிக முக்கியமான உண்மை இதுதான். ஒரு ஓரத்தைக் காப்பதற்கான வண்டிகளும் ஆட்களும், ஒரே சமயத்தில் பல இடத்தில் எரியும் ஊருக்குள் சிதறிப்போனார்கள்.

ஒரு கங்கு வீட்டை எப்படி எரிக்கிறது என்று நெருங்கிப் பார்ப்போம். விரல்நகம் அளவு கனல் ஒன்று கூரையோரக் கால்வாயில் கிடக்கும் சருகில் விழுகிறது. கூரைப் பரப்பு தீ தாங்கும் தார்ஓடாக இருக்கலாம். ஆனால் சருகு எரியும் உயரம் அந்த ஓட்டின் விளிம்புக்குக் கீழேயுள்ள மரப்பலகையைத் தொடுகிறது. அல்லது கூரைக்கடியிலுள்ள பரணின் காற்றுத்துளை வலை வழியே உள்ளே போகிறது. வலைக்கண் 6 மில்லிமீட்டர் என்றால் தாராளமாகப் போகும். அல்லது மரவேலி வீட்டுச் சுவரைத் தொடும் மூலையில், காற்று சுழற்றிக் குவித்த ஊசியிலைக்குள் உட்காருகிறது. இந்த மூன்றில் எதுவானாலும் அரை வாளித் தண்ணீரில் அணைக்கலாம், ஆள் இருந்தால். ஊரே காரில் இருந்தது.

ஒரு வீடு பற்றினால், பக்கத்து வீட்டுக்குக் காடு தேவையில்லை. எரியும் வீட்டின் கதிர்வெப்பம் அடுத்த வீட்டின் ஜன்னல் கண்ணாடியை உடைக்கும், வினைல் பலகையை உருக்கும். பாரடைஸில் தீக்குப் பிறகு எடுத்த படங்களில் விசித்திரமாகத் தெரிவது பச்சை மரங்கள்தான். வீடு சாம்பலாகி, வாசலில் நின்ற காரின் அலுமினியச் சக்கரம் உருகித் தரையில் ஓடி உறைந்திருக்கும். அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குச் சில மீட்டர் தள்ளி நிற்கும் பைன் மரத்தின் உச்சியில் இலை பச்சையாகவே இருக்கும். பல தெருக்களில் மரம் வீட்டை எரிக்கவில்லை. வீடுதான் மரத்தைக் கருக்கியது.

பின்னர் 400 தனிவீடுகளை மாதிரியாக எடுத்துச் செய்த ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. 1997-க்கு முன் கட்டிய வீடுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு போலத்தான் தப்பின. அதன்பின் கட்டியவற்றில் நாற்பதை நெருங்கின. ஒரு வீடு தப்புமா என்பதை மிகத் தெளிவாகச் சொன்ன அளவுகோல்களில் ஒன்று, எரிந்த அடுத்த கட்டடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. 18 மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தவை நன்றாகவே தேறின. கலிஃபோர்னியா 2008-இல் அமலாக்கிய காட்டுத்தீக் கட்டட விதிகள் (தீ தாங்கும் கூரை, நுண்வலைக் காற்றுத்துளை, இரட்டைக் கண்ணாடி) உதவின என்பதை மறுக்க முடியாது. ஆனால் புதிய வீட்டைச் சுற்றிப் பத்துப் பழைய வீடுகள் எரிந்தால் விதி மட்டும் காப்பாற்றாது.

வெளியேற்றம்: 2008-இன் பாடமும் அதன் விலையும்

2008 ஜூனில் ஹம்போல்ட் தீ தென்மேற்கிலிருந்து ஏறி வந்தபோது, பாரடைஸிலிருந்து தெற்கே இறங்கும் நான்கு சாலைகளில் மூன்று அடைபட்டன. ஸ்கைவே, நீல், கிளார்க், பென்ட்ஸ் என்ற அந்த நான்குதான் ஊரின் உயிர்நாடி. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியதால் மணிக்கணக்கில் நெரிசல். அதிலிருந்து ஊர் கற்ற பாடம், ஒரே நேரத்தில் எல்லோரையும் கிளப்பாதே என்பது. ஊரை 14 மண்டலங்களாகப் பிரித்து, வீட்டுக்கு வீடு வரைபடம் கொடுத்தார்கள். ஸ்கைவேயின் எல்லாத் தடங்களையும் கீழ்நோக்கித் திருப்பும் ஏற்பாட்டை 2016-இல் ஒத்திகை பார்த்தார்கள். வடக்கே காட்டுவழியாகப் போகும் மண்பாதையையும் தார்ச்சாலையாக்கினார்கள்.

அதே காலத்தில் எதிர்த்திசையில் ஒரு முடிவும் நடந்தது. ஊர் மையத்தில் ஸ்கைவே நான்கு தடத்திலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. நடுவில் திரும்பும் தடம், ஓரத்தில் நடப்பவர்களுக்கு வசதி. சாதாரண நாளுக்கு அது நல்ல முடிவுதான். கடைத்தெருவில் ஆட்கள் அடிபடுவது குறைய வேண்டும் என்ற தேவையும் உண்மை.

மண்டலவாரியாக அனுப்புவது நேரம் இருக்கும்போது நல்ல முறை. அன்று கிழக்கு ஓர மண்டலங்களுக்கு முதல் உத்தரவு எட்டு மணியளவில் வந்தது. அப்போதே நடு ஊரில் தீ. சில மண்டலங்களுக்கு உத்தரவே வராமல், கண்ணெதிரே புகையைப் பார்த்து ஆட்கள் கிளம்பினார்கள். எச்சரிக்கை, பதிவு செய்தவர்களுக்கு மட்டும் தொலைபேசி அழைப்பு அனுப்பும் சேவையை நம்பியிருந்தது. பதிவு செய்தவர்கள் ஊரில் சிறுபான்மை. பகுதியிலுள்ள எல்லாக் கைபேசிக்கும் தானாக ஒலிக்கும் அரசு எச்சரிக்கை முறை பயன்படுத்தப்படவில்லை. செல் கோபுரங்களும் ஒவ்வொன்றாக எரிந்தன.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். பாரடைஸும் மேலேயுள்ள மகாலியாவும் சேர்த்து முப்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல். காருக்கு இரண்டு பேர் என்றால் ஏறக்குறைய 18,000 கார்கள். நெரிசலில் ஒரு தடத்தில் மணிக்கு ஆயிரம் கார் போனாலே அதிகம். நான்கு சாலையும் திறந்து, ஆறு தடம் ஓடினால்கூட மூன்று மணி நேரம். தீ ஊருக்குள் விழுந்ததற்கும் முதல் உத்தரவுக்கும் இடையே இருந்தது நிமிடங்கள். பென்ட்ஸ் தீயால் சீக்கிரமே அடைபட்டது. மற்றவையும் விட்டுவிட்டு மூடின. புகையில் காலை ஒன்பது மணி இரவாகியது. டயர் உருகி நின்ற கார்களைப் பின்னால் வந்தவர்கள் சுற்ற முடியவில்லை. சில இடங்களில் புல்டோசர் கொண்டு தள்ளிப் பாதை எடுத்தார்கள்.

ஆனாலும் இறந்தவர்களில் சாலையில் மாட்டி இறந்தவர்கள் சிலர்தான். எட்ஜ்வுட் லேன் என்ற ஒற்றை வாய்த் தெருவில் கார்களில் கிடந்தவர்கள் அவர்களில் அடக்கம். பெரும்பாலானோர் வீட்டுக்குள்ளோ வாசலிலோ இறந்தார்கள். அதிலும் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள், பலர் நடக்க இயலாதவர்கள், கார் ஓட்டாதவர்கள். இங்கே சாலை அகலம் அல்ல பிரச்சினை. படுக்கையிலிருந்து வாசல் வரை தூக்கிவர ஆள் இல்லாததுதான். நெரிசலைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இதைப் பற்றி எழுதப்படவில்லை.

போக முடியாதவர்களுக்கு என்ன வழி

அன்று பலரைக் காப்பாற்றியது திட்டத்தில் இல்லாத ஒன்று. வண்டி நகராது என்று தெரிந்ததும் தீயணைப்பாளர்களும் காவலர்களும் ஆட்களை வாகன நிறுத்துமிடம், கடைமுன் திடல், தேவாலய வளாகம், மருத்துவமனையின் ஹெலிகாப்டர் தளம் போன்ற வெற்றிடங்களில் கூட்டினார்கள். 31 இடங்களில் 1,200-க்கும் மேற்பட்டோர் இப்படித் தங்கினார்கள். தார்த்தரையில் எரிய ஒன்றுமில்லை. சுற்றியுள்ள கட்டடம் எரிந்தாலும் நடுவில் வெப்பம் தாங்கும் அளவில் இருக்கும். அங்கே நிறுத்திய கார்கள் நெருக்கமாக இருந்தால்தான் ஆபத்து.

ஃபெதர் ரிவர் மருத்துவமனையிலிருந்து நோயாளிகளுடன் கிளம்பிய ஆம்புலன்ஸ்களில் ஒன்று தீப்பிடித்து நின்றது. அதிலிருந்தவர்கள் குளோயி கோர்ட் என்ற முட்டுச்சந்தில் இன்னும் எரியாத ஒரு வீட்டின் கார் கொட்டகைக்குள் நோயாளிகளைக் கிடத்தினார்கள். ஒரு தீயணைப்பு அதிகாரி சொல்லச் சொல்ல, செவிலியரும் துணை மருத்துவரும் செய்தது மிகச் சாதாரண வேலை: ஏணி வைத்து ஏறிக் கூரைக் கால்வாயிலிருந்து ஊசியிலையைக் கையால் அள்ளி எறிந்தார்கள், சுவரை ஒட்டிக் கிடந்த சருகையும் குப்பையையும் இழுத்துப் போட்டார்கள், தோட்டக் குழாயால் கூரையையும் சுவரையும் நனைத்தார்கள். சுற்றிலும் வீடுகள் எரிந்தன, அந்த வீடு நின்றது. கங்கு பற்றும் மூன்று இடங்களைப் பற்றி மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

தண்ணீர்

தீ அணைந்த பிறகு வெளிவந்த சேதம் இது. ஆயிரக்கணக்கான வீடுகளின் குழாய் உருகித் திறந்து ஓடியதால் விநியோக வலையில் அழுத்தம் விழுந்தது. அழுத்தம் போன குழாய், புகையையும் உருகிய பிளாஸ்டிக்கின் ஆவியையும் உள்ளே இழுக்கும். பின்னர் சோதித்தபோது பென்சீன் இருந்தது. ஒரு மாதிரியில் லிட்டருக்கு 2,217 மைக்ரோகிராம். கலிஃபோர்னியாவின் குடிநீர் வரம்பு 1, மத்திய அரசின் வரம்பு 5.

நீர்த்தேக்கம் சுத்தமாகவே இருந்தது. மாசு தங்கியது தெருவிலிருந்து வீட்டுக்குப் பிரியும் சிறு குழாய்களில்தான். பிளாஸ்டிக் குழாயின் சுவர் பென்சீனை உறிஞ்சிக்கொண்டு, பிறகு மெல்ல விடும். அதனால் குழாயைக் கழுவிவிட்டு உடனே எடுத்த மாதிரி சுத்தமாக வரும். தண்ணீரை 72 மணி நேரம் குழாயிலேயே தேங்க விட்டு எடுத்தால்தான் உண்மை தெரியும். கொதிக்க வைப்பது இங்கே தவறான ஆலோசனை: பென்சீன் ஆவியாகி, வீட்டுக்குள் இருப்பவர் மூச்சில் போகும். கிருமிக்குச் சொல்லும் வழக்கமான அறிவுரை இரசாயன மாசுக்குப் பொருந்தாது. தீ கடந்த எந்த ஊரிலும் அழுத்தம் இழந்த குழாய்ப் பகுதிகளை உடனே வால்வு மூடித் தனிமைப்படுத்துவது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

வழக்கும் மறுகட்டுமானமும்

மொத்த இழப்பு 1,650 கோடி டாலர் என்று மறுகாப்பீட்டு நிறுவனமான மியூனிக் ரீ மதிப்பிட்டது. 2018-இல் உலகிலேயே அதிகச் செலவு வைத்த இயற்கைப் பேரிடர் இது. பி.ஜி.இ. 2019 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2020 ஜூன் 16 அன்று, 85 மரணங்களில் 84-க்கு, கொல்லும் நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஒரு நிறுவனத்தைச் சிறையில் வைக்க முடியாது; அபராதம் சுமார் 35 லட்சம் டாலர். பல தீக்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கென 1,350 கோடி டாலர் உடன்பாடு தனியே எட்டப்பட்டது. அதில் பாதி அந்த நிறுவனத்தின் பங்குகளாக வந்ததால், இழப்பீட்டின் மதிப்பு பங்குச்சந்தையோடு ஏறி இறங்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இது நியாயமான ஏற்பாடு என்று சொல்ல முடியவில்லை.

36.6 லட்சம் டன் இடிபாடு அகற்ற ஏறக்குறைய ஓராண்டு ஆனது. 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 4,764. திரும்பியவர்கள் கட்டும் வீடுகளில் மாற்றம் தெரிகிறது: மின்கம்பி நிலத்தடிக்குப் போகிறது, ஊருக்கு ஒலி எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்துவிட்டன, வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் எரியும் பொருள் எதுவும் கூடாது என்பது விதி. ஐந்து அடி விதி காகிதத்தில் எளிது. நடைமுறையில் அது சுவரோரச் செடி, மரப்பட்டை மண்போர்வை, விறகுக் குவியல், கயிற்றுப் பாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சரளைக்கல் போடுவது; வீட்டைத் தொடும் கடைசி வேலிப் பலகைகளைக் கழற்றி இரும்புக் கதவு வைப்பது. முன்பு நெருக்கமாக இருந்த மனைகளில் இன்று பல காலி. அந்த இடைவெளி, 18 மீட்டர் கணக்கின்படி, இப்போதைக்கு வீடுகளுக்கு நல்லது. ஆனால் உரிமையாளர் வெளியூரில் இருக்கும் காலி மனையில் ஒரே மழைக்காலத்தில் முழங்கால் அளவு புல்லும் ஸ்காட்ச் ப்ரூம் புதரும் ஏறிவிடும். ஜூனுக்கு முன் அதை வெட்டுவது யார், செலவை யாரிடம் வசூலிப்பது என்பது ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்வி.